பிகோதாரோவை ஒரு நிமிஷ சிரிப்போட தள்ளிடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். வைரல் பாட்டுன்னு பேச்சு வந்தாலே 2016ல வந்த 'பென் பைனாப்பிள் ஆப்பிள் பென்' பாட்ட அர்த்தமில்லாத கூத்துன்னு சொல்லிட்டு போயிடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கு. அத பாடின பிகோதாரோ யாருன்னா ஜப்பான்ல பல வருஷமா காமெடி பண்ணிட்டு வந்த கொசாகா தைமாவோ, அவர்கிட்ட கேட்டா நான் வெறும் புரொடியூசர்தான், பாடறது வேற ஆளுன்னுதான் சொல்வாரு, அந்த வேஷத்த அவ்ளோ கறாரா காப்பாத்துறாரு.

வீடியோவ திரும்ப ஒருவாட்டி பாருங்க, பின்னாடி வெறும் வெள்ளை, கையில பேனாவும் கிடையாது பழமும் கிடையாது, வெறுங்கையாலயே பேனாவ பழத்துல குத்தற மாதிரி காட்டி ஒரு முனகல் விடறாரு, அந்த இடத்துல டைமிங் ஒரு துளி தப்பினாலும் சிரிப்பே வராது. அது சும்மா வர்றதில்ல சார், மேடையில பழகி பழகி வர்ற வித்தை. பாடகர் ஜஸ்டின் பீபர் ட்வீட் போட்டதாலதான் ஹிட்டுன்னு சொல்றாங்க, சரி, உலகம் பூரா பரவினதுக்கு அது காரணம்தான், ஆனா 45 செகண்ட் பாட்டு அமெரிக்காவோட ஹிட் பாட்டு பட்டியலான பில்போர்ட் ஹாட் 100ல 77வது இடம் வரைக்கும் போச்சுன்னா ஜனங்க திரும்ப திரும்ப கேட்டிருக்கணும்ல.

2017ல ஐ.நா.வுல போய் ஆடினாரு, 2020ல கொரோனா நேரத்துல அதே மெட்டுல கை கழுவ சொல்லிக்கொடுத்தாரு. அடுத்த தடவை வைரல் பாட்டு பத்தி எழுதறப்ப கொசாகாவோட உழைப்பையும் நாலு வரி எழுதுங்க, ப்ளீஸ்.

- ஒரு வாசகர்