அறிவிப்பு ஒட்டினால் போதாது, கதவைத் தட்டிச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரத்தை நிறுத்தினார்கள். பணி அவசியமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கீழ்த்தளத்து மின்விசைப் பலகையைத் திறந்து சோதிக்க வேண்டுமென்றால் கரண்டை நிறுத்தத்தான் வேண்டும். அந்தச் செய்தி வீடுகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். முழுக்க ஆங்கிலம். தேதியும் நேரமும் சின்ன எழுத்தில். வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் கண்ணில் அது படும். வீட்டை விட்டு இறங்காதவர்களுக்கு? கரண்ட் போனால் யாருக்கு ஆபத்தோ அவர்கள்தான் கீழே வராதவர்கள்.

என் தாயார் படுத்த படுக்கையாக இருக்கிறார். படுக்கைப்புண் வராமலிருக்க மோட்டார் வைத்த காற்று மெத்தை போட்டிருக்கிறோம். மோட்டார் நின்றால் மெத்தை மெல்ல இறங்கிவிடும். குழாயின் முனையை மூடிவிட்டால் காற்று சில மணி நேரம் நிற்கும் என்று மெத்தை வாங்கிய கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று குழாயை மூடிவிட்டு, கடிகாரம் பார்த்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தேன். மின்விசிறி கிடையாது. 31, 32 டிகிரி வெயில். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு முன்கூட்டியே தெரிந்ததால் சமாளிக்க முடிந்தது.

எனக்கு இரண்டு மாடி மேலே ஒரு வயதான தம்பதி. தாத்தாவுக்கு மூச்சுக் கோளாறு. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவியை நம்பித்தான் அவர் இருக்கிறார். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். முதல் நாள் மாலை இட்லி மாவு கொடுக்கப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னேன், அந்தம்மா முகம் வெளுத்துப் போயிற்று. கருவி வாடகைக்குக் கொடுத்தவர்களை அழைத்து அன்றிரவே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வரவழைத்தோம். நான் மாவு கொடுக்கப் போனது தற்செயல். ஒரு மனிதரின் மூச்சு தற்செயலை நம்பி இருக்கலாமா?

சிங்கப்பூரில் மின்தடை மிக அரிது. சராசரியாகப் பார்த்தால் ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கு ஒரு நிமிடம்கூடத் தடை வருவதில்லை. 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் 19 வட்டாரங்களில் 146,000க்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் கரண்ட் போனபோதுகூட 38 நிமிடங்களில் திரும்ப வந்துவிட்டது. நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம் இது. ஆனால் இந்த வசதியால் வீடுகளில் தயார்நிலை என்பதே இல்லாமல் போய்விட்டது. நான் வளர்ந்த மன்னார்குடியில் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் "நாளை மின்தடை" என்று ஊர்ப் பெயர்களோடு நாளிதழில் போடுவார்கள். காலை 9 மணிக்குள் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, அரைக்க வேண்டியதை அரைத்து முடித்துவிடுவோம். 2012இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்தது. அதை அனுபவித்த என் அண்ணன் வீட்டில் இன்றும் இன்வெர்ட்டர் இருக்கிறது. இங்கே பல வீடுகளில் ஒரு டார்ச் லைட்கூட இல்லை.

என் பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். புளித்த மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்தான் புளிப்பு அடங்கும். கதவைத் திறக்காமல் இருந்தால் பெட்டிக்குள் சுமார் நான்கு மணி நேரம்தான் குளிர் தாங்கும். எட்டு மணி நேரத் தடைக்கு அது போதாது. அதனால் முதல் நாளே தண்ணீர் போத்தல்களை உறைய வைத்தேன். உளுந்தையும் அரிசியையும் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, அதிகம் புளிக்க விடாமல் மாவை ஐஸ் பெட்டிக்குள் அந்தப் போத்தல்களுக்கு நடுவே அடுக்கினேன். இன்சுலின் போடுகிற பக்கத்து வீட்டு அக்கா, மருந்தையும் அந்த ஐஸ் மேலேயே வைக்கட்டுமா என்று கேட்டார். கூடாது என்று தடுத்துவிட்டேன், உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. இதையெல்லாம் அந்த அறிவிப்பிலேயே நான்கு வரியில் சொல்லியிருக்கலாம். இணையப் பெட்டி அணைந்தால் ஃபைபர் வழி வரும் வீட்டுத் தொலைபேசியும் வேலை செய்யாது என்பதையும் சேர்த்திருக்கலாம். கைப்பேசி இல்லாத முதியவர்களுக்கு அவசரத்துக்கு அழைக்க வேறு வழி என்ன?

அடுத்த தடவைக்கு, பணியை நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அறிவிப்பு நான்கு மொழிகளிலும் இருக்கட்டும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். எந்த மின்தூக்கி ஓடும், எது ஓடாது என்பதையும் எழுதுங்கள். (அன்று ஒன்றை மட்டும் ஜெனரேட்டரில் ஓட்டினார்கள். அது தெரியாமல் ஒரு முதியவர் படியில் ஏறிப் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.) மூச்சுக் கருவி, காற்று மெத்தை போன்றவை இருக்கும் வீடுகளின் பட்டியலை, அவரவர் சம்மதத்தோடு, புளோக்வாரியாக வைத்திருங்கள். குறைந்தது ஒரு வாரம் முன்பே அந்த வீடுகளுக்கு ஒருவர் நேரில் போய்ச் சொல்லட்டும். தடை நாளில் அந்தக் கருவிகளை எடுத்துப்போய் இயக்க, அருகிலுள்ள சமூக மன்றத்தில் ஓர் அறை ஒதுக்குங்கள். அடித்தளத் தொண்டூழியர்கள் தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அன்பளிப்புப் பையோடு மூத்தோர் வீடுகளுக்கு வருகிறார்கள். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தமிழ் வாசிக்கும் மூத்தோர் காலையில் முதலில் எடுப்பது உங்கள் நாளிதழைத்தான். வட்டார மின்தடை விவரங்களை வாரம் ஒரு முறை ஒரு சிறு பெட்டிச் செய்தியாக நீங்களும் வெளியிட முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் புளோக்கில் கதவு தட்ட ஆள் தேவையென்றால் நான் வருகிறேன். எனக்குத் தமிழும் மலாயும் பேச வரும். மாலை 6 மணிக்கு மேல் எந்த நாளும் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ்