மாத்திரைக் கணக்கு பார்த்தவர்களுக்கு

பேர் போட்டு எழுத வேண்டாம் என்று வார்டு சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் யாருடைய பெயரும் இதில் இருக்காது. ஆனால் படிக்கும்போது "இது நான்தானே" என்று உங்களுக்கே தெரியும். வலி மாத்திரைப் பழக்கத்திலிருந்து என்னை மீட்ட உங்களுக்குத்தான் இந்த நன்றி மடல்.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவள். ஸ்கூட்டரில் போகும்போது லாரி உரசி விழுந்து, தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் டிரமடால் இருந்தது. அது அபின் வகையைச் சேர்ந்த மருந்து என்று யாரும் சொல்லவில்லை. எலும்பு கூடிவிட்டது, மாத்திரை மட்டும் நிற்கவில்லை. 2018 ஏப்ரலிலேயே டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். இருந்தாலும் தெரிந்த முகம் என்றால் சீட்டு கேட்காமல் கொடுக்க ஒரு கடை கிடைத்துவிடுகிறது.

சீட்டு கேட்ட கடைக்காரத் தம்பிக்கு முதல் நன்றி. "அக்கா, இத இவ்வளவு நாள் போடக்கூடாதுங்க. டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிட்டு வாங்க" என்று மாத்திரை அட்டையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் மண்டி அண்ணன்மார்கள். ஏல நாளில் பேரேட்டின் மேலேயே எனக்கு வலிப்பு வந்து விழுந்திருக்கிறேன். யாரோ மூட்டை தூக்கும் கொக்கியை எடுத்து என் கையில் திணிக்க வந்தாராம், இரும்பு பிடித்தால் நிற்கும் என்று. சுமைக்காரப் பெரியவர் ஒருவர் அதைத் தட்டிவிட்டு, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே காலிச் சாக்கை மடித்து வைத்தார் என்று பிறகு சொன்னார்கள். ஐயா, கை வைத்தியம் ஆயிரம் பேர் சொல்வார்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்தவர் நீங்கள்.

மாத்திரையை விடச் சிகிச்சைக்காகக் கோவைக்குப் போனோம். அங்கே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு ஓ.பி. வாசலில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாரும் வீட்டுக்காரரையோ மகனையோ கூட்டிக்கொண்டு வந்தவர்கள். சீட்டு போடுகிறவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "எத்தனை வருசமா குடிக்கறீங்க?" என்று கேட்டார். அவர் வாழ்க்கையில் பீடிகூடத் தொட்டதில்லை. "பேஷண்ட் நான்தாங்க" என்று சொன்னபோது குரலே வரவில்லை. உள்ளே இருந்து எழுந்து வந்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்த சிஸ்டர், அது உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. எனக்கு மறக்காது.

டாக்டர் அம்மா அறிவுரை சொல்லவே இல்லை. ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஒரு மாத்திரையில் 37.5 மில்லிகிராம் டிரமடால், 325 மில்லிகிராம் பாரசிட்டமால். நாளைக்கு 12. "பெருக்குங்க, நீங்கதான் கணக்குப்பிள்ளை ஆச்சே" என்றார். 450, 3,900. டிரமடாலுக்கு ஒரு நாளைக்கு 400-க்கு மேல் போகக் கூடாது, தாண்டினால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். பாரசிட்டமாலுக்கு 4,000 என்பது எல்லை, கல்லீரலுக்கு 100 மில்லிகிராம்தான் மிச்சம் வைத்திருந்தேன். எந்தத் திட்டும் என்னை அப்படி உலுக்கியிருக்காது. இன்னொன்றும் சொன்னார்: வலி பொய்யில்லை, ஆனால் இந்த மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டால் சிலருக்கு அதுவே வலியைக் கூட்டிக் காட்டும் என்று. என் வலியை நடிப்பு என்று நினைத்தவர்கள் நடுவில், நம்பிவிட்டு மேலே பேசியவர் அவர்.

வார்டில் சேர்ந்து பழைய மாத்திரையை நிறுத்திய பிறகு கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, காலை எங்கே வைப்பது என்று தெரியாத குடைச்சல். "இப்பவே அந்த மாத்திரையக் கொடுங்க" என்று கெஞ்சினேன். சிஸ்டர் மசியவில்லை. இந்தத் தவிப்பை அடக்கக் கொடுக்கும் புப்ரெனார்பின் என்ற அந்த மருந்தை, பழைய மருந்தின் பிடி தளர்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டுமாம். முன்னாடியே கொடுத்தால் அது பழையதைத் தள்ளிவிட்டு, தவிப்பு ஒரேயடியாகப் பொங்கிவிடும். நேரம் வந்ததும் நாக்குக்கு அடியில் வைத்தார். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, கரையும் வரை தண்ணீரும் கிடையாது. கசப்பு. பதில் சொல்ல முடியாத அந்த நேரத்தில் அவர் தன் மகளின் பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க்கைப் பற்றிப் பொரிந்து தள்ளினார். குறுக்கே பேச முடியாமல் முழுசாக ஒருவர் கதையைக் கேட்டது அன்றுதான். பாப்பா இப்போது எப்படிப் படிக்கிறாள், சிஸ்டர்?

"ஒரு மாத்திரையை விட்டுட்டு இன்னொரு மாத்திரையா?" என்று சொந்தத்தில் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். சரி, இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதுவும் மூளையில் அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது, ஆனால் பாதி வேலைதான் செய்கிறது. சரியான அளவில் போட்டால் கிறக்கம் இல்லை, தவிப்பும் இல்லை. ஓர் அளவுக்கு மேல் அதன் வேலை கூடுவதில்லை. இதைப் போட்டுக்கொண்டு நான் பேரேட்டில் பைசா பிசகாமல் எழுதுகிறேன். எப்போது குறைப்பது என்று டாக்டர் சொல்வார். பெரியப்பா சொல்ல வேண்டாம்.

என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டர் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. சிகிச்சையை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் கழித்துப் பழைய அளவை ஒரே மூச்சில் போட்டால் மூச்சே நின்றுவிடலாம், உடம்புக்கு அந்தப் பழக்கம் போயிருக்கும் என்று. அன்றிலிருந்து அவர் வேவு பார்ப்பதை விட்டார். "வேணும்போல இருந்தா என்கிட்டச் சொல்லு, கத்த மாட்டேன்" என்றார். ஒரு நள்ளிரவில் சொன்னேன். கத்தவில்லை. மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டுக் கொடுத்தார். மறுமுனையில் தமிழில் பொறுமையாகப் பேசிய அந்தப் பெண்ணுக்கும் நன்றி.

அத்தை, நீங்கள் சளி என்று நினைத்துக் கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தீர்கள். விஷயம் தெரிந்த பிறகும் அதே ரசம்தான் வைத்தீர்கள், "கால் நோவு எப்படி இருக்குது கண்ணு?" என்று மட்டும் கேட்டீர்கள். ராத்திரியில் காலைப் பிடித்துவிட்டீர்கள். மருமகள் கால் மாமியார் மடியில் இருப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா வாயடைத்துப் போனது தனிக் கதை.

தொடைத் தசைக்கு வலு வரும் வரை விடாமல் படி ஏறவைத்த பிசியோதெரபி தம்பி, பாதி வலி உங்களால்தான் போனது.

எங்கள் முதலாளி ஐயாவுக்கு. லீவு முடிந்து வந்த அன்று கல்லாச் சாவியை மேசையில் வைத்தேன், கேட்பார் என்று நினைத்து. "இது எதுக்கம்மா இங்க கிடக்குது, எடுத்து இடுப்புல சொருகு. வரவு எழுதற வேலை நிக்குது" என்றார். அதோடு சரி.

ஈரோட்டுப் பக்கம் எந்தப் பெண்ணாவது வலி மாத்திரையை நிறுத்த முடியாமல், அந்த ஓ.பி. வரிசையில் தனியாக நிற்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தால், தானாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். மண்டிக்குச் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். மாத்திரை வாங்க நான் எப்படியும் கோவை போகத்தான் வேண்டும், காலையில் சீக்கிரம் கிளம்பினால் இரண்டு பேருக்கும் சேர்த்தே சீட்டு போட்டுவிடலாம்.