பின்னணி வேலை தானாக ஓடாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தொழில்நுட்பப் பக்கத்தில் "செயலியைக் கிளவுட்டில் ஏற்றிவிட்டால் போதும், பின்னணி வேலைகளை அது தானே பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு வரி வந்தது. (கிளவுட் என்றால் இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினி; பின்னணி வேலை என்றால் திரைக்குப் பதில் போனபிறகும் பின்னால் நடக்கவேண்டிய வேலை.) உங்கள் பத்திரிகையைச் சிறுவயது முதல் வாசிக்கிற உரிமையில் கேட்கிறேன்: அச்சுக்குப் போகுமுன் இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்கக் கூடாதா?

சென்ற மாரியில் எங்கள் பகுதிக் கல்வி நிலையம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். மழையால் மறுநாள் காலை வகுப்பு இல்லை என்று பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப, பொறுப்பாளர் இரவு பொத்தானை அழுத்தினார். 'அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தது. செயலியைச் செய்த பெடியன், பக்கம் கெதியாகத் திறக்கவேண்டும் என்று செய்திகளை அனுப்புவதை ஒரு பின்னணித் திரெட்டிடம், அதாவது அதே செயலிக்குள் பக்கத்தில் ஓடும் இன்னொரு வேலையிடம், விட்டிருந்தான். திரைக்குப் பதில் போனதும், செயலியை ஓடவைக்கும் சிபியுவைக் (கணினியின் செயலகம்) கிளவுட் நிறுத்திவிட்டது. திரெட்டும் பாதியில் நின்றது. விடிந்து யாரோ அந்தப் பக்கத்தைத் திறந்தபிறகுதான் மிச்சச் செய்திகள் போயின. அதற்குள் சாவகச்சேரிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகள் பூட்டிய கேற்றடியில் நனைந்துகொண்டு நின்றார்கள். செயலியில் நடந்ததெல்லாம் பதிவாகும் லொக்கைத் திறந்து பார்த்தவன் நான். பிழை என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

அந்தப் பெடியனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெற்றோர் கடன்பட்டுக் கட்டிய காசில் அவன் படித்த சான்றிதழ் வகுப்பில் இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படியான வகுப்புகளின் விளம்பரம் உங்கள் பக்கத்தில் வாராவாரம் பெரிதாக வருகிறது. சொல்லித்தர அப்படியொன்றும் பெரிய வித்தையும் இல்லை. செயலிகளை ஏற்றி ஓடவிடும் கிளவுட் சேவைகளில் ஒன்றான கூகுளின் கிளவுட் ரன்னில், நாமாக அமைப்பை மாற்றாவிட்டால், பக்கத்தைத் திறப்பவரின் கோரிக்கைக்குப் பதில் போனபின் சிபியு கிடைக்காது. அதுபோன்ற இன்னொரு சேவையான அமேசான் லாம்டா ஒரு ஓட்டத்தை அதிகபட்சம் 15 நிமிடத்தில் நிறுத்திவிடும். ஹெரோகு என்ற சேவையில் செயலி ஓடும் பெட்டிக்கு டைனோ என்று பெயர்; பக்கத்துக்குப் பதில் சொல்லும் வெப் டைனோ வேறு, பின்னணி வேலை செய்யும் வேர்க்கர் டைனோ வேறு. நாளுக்கொருமுறையாவது அவை மீளத் தொடங்கும், நினைவகத்தில் மட்டும் வைத்திருந்த வேலை அதோடு போய்விடும். ஆகவே வேலையை முதலில், செயலி நின்றாலும் அழியாத ஒரு வேலை வரிசையில் எழுதிவைத்து, தனி வேர்க்கர் எடுத்துச் செய்யவேண்டும்.

2022 நவம்பரில் ஹெரோகு இலவசச் சேவையை நிறுத்தியபோதும் இதே மனவருத்தம்தான். நாட்டில் டொலரே இல்லாத நேரம், காசு கட்ட வழியில்லாமல் எங்கள் மாணவர்களின் எத்தனையோ செயலிகள் நின்றுபோயின. உங்கள் பக்கத்தில் அதைப்பற்றி ஒரு பத்திகூட வரவில்லை. நான் எழுதிய கடிதமும் வரவில்லை.

சரி, இப்போது கேட்பது இவ்வளவுதான். வரும் ஞாயிறு அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். எழுதுபவருக்கு நேரமில்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
மென்பொருள் வேலை செய்யும் வாசகர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.