களாச் செடியைத் தூக்கி வந்த அண்ணனுக்கு

வீட்டுக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிறது. சேறு இன்னும் முழுசாகப் போகவில்லை, ஆனால் அம்மா தன் கட்டிலில் தூங்குகிறார். கெடிலம் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்த அந்த இரவைப் பற்றி கெடிலக் கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவை நாற்காலியோடு தூக்கிப் படகில் ஏற்றிய தேவனாம்பட்டினத்துத் தம்பிகள், பள்ளிக்கூட முகாமில் சோறு பொங்கிப் போட்டவர்கள், சர்க்கரை மாத்திரையை எங்கிருந்தோ தேடி வந்து தந்த மருந்துக்கடைப் பையன், எல்லோருக்கும் என் கும்பிடு.

எழுத உட்கார்ந்தது எங்கள் பால்கார அண்ணனுக்காக.

மறுநாள் ரேஷன் அட்டையை எடுத்துவரத்தான் கேட்டேன். இடுப்பளவு தண்ணீரில் போனவர், அட்டையோடு மாடிப்படியில் இருந்த சொத்தைக்களாத் தொட்டியையும் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். "இதுல நாலு புழு இருக்குதே டீச்சர், தினம் நின்னு பார்ப்பீங்களே" என்றார். பால் ஊற்றுகிற நேரத்தில் அதையெல்லாம் கவனித்திருக்கிறார்!

அவை சிறுத்தை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். ஆரஞ்சுச் சிறகில் கறுப்புப் புள்ளிகள். ஃபலாண்டா என்னும் இந்தப் பேரினத்தில் ஆறே இனங்கள். மடகாஸ்கர், கொமோரோஸ், செஷல்ஸ் தீவுகளுக்கென்றே ஒவ்வொன்று உண்டு. நம் சமவெளியில் பறப்பது ஃபலாண்டா ஃபலாந்தா என்னும் இனம். நம் மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவனுக்கு உறவுக்காரன். உடம்பெல்லாம் முள்ளாக இருந்தாலும் இதன் புழுவால் யாருக்கும் தொந்தரவில்லை. சொத்தைக்களாத் தளிர் கிடைத்தால் போதும்.

தொட்டியில் தளிர் இரண்டே நாளில் தீர்ந்தது. சின்ன வயதில் மாடு மேய்க்கும்போது பழம் பறித்துத் தின்ற புதர் ஒன்று அண்ணனுக்கு நினைவிருந்தது. தன் தொழுவமே இடிந்து கிடந்த நேரத்தில், தினமும் அங்கே போய் ஒரு கொத்து ஒடித்து வந்தார். கையெல்லாம் முள் கீறல். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

நாலில் மூன்று கூட்டுப்புழு ஆயின. பச்சை உடம்பில் வெள்ளிப் பொட்டுகள். 1773இல் இந்த இனத்துக்குப் பெயர் வைத்த ட்ரூரி லண்டனில் வெள்ளி வேலை செய்தவர். இந்தப் பொட்டுகளை அவர் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

முகாமில் அம்மா யாரோடும் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பூச்சி சிறகை விரித்த காலையில்தான் வாய் திறந்தார். "அதை இங்க கொண்டா" என்றார். அத்தனை நாள் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

அண்ணே, தொழுவத்தைத் திரும்ப எழுப்பும்போது சொல்லுங்கள், மண் சுமக்க வருகிறேன். வேலியோரம் நட இரண்டு களாக் கன்றும் கொண்டு வருவேன். மாடு எட்டாத இடமாக நீங்களே பார்த்துக் காட்டுங்கள்.