அப்பா வந்துதான் பேச வேண்டுமா?

எங்கள் ஊராட்சி நிர்வாகத்துக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

போன ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் பந்தல் கட்டியது, நாற்காலி இறக்கியது, மைக் செட்டுக்கு வயர் இழுத்தது எல்லாம் எங்கள் வயசுப் பையன்கள். கூட்டம் தொடங்கியதும் அவர்கள் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். யாரும் விரட்டவில்லை. உட்காருங்கப்பா என்று கூப்பிடவும் இல்லை.

நான் இருந்தேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து தெற்குத் தெரு வரை மூன்று கம்பங்களில் விளக்கு எரியவில்லை, எட்டேகால் பஸ்ஸில் இறங்கும் பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் நடக்கிறோம் என்று சொல்ல எழுந்தேன். “நீ யாரு மக?” என்பதுதான் முதல் கேள்வி. சொன்னேன். “அப்பாவ வந்து பேசச் சொல்லும்மா.” பின்னாலிருந்து இன்னொரு குரல்: “நாளைக்கு வேற ஊருக்கு வாக்கப்பட்டுப் போற புள்ள.” சிரிப்பு. விளக்கு தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. என் கையெழுத்து மட்டும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது; கூட்டம் செல்ல இத்தனை பேர் வேண்டும் என்கிற குறைவெண் வரம்பு நிரம்ப வேண்டுமே!

18 வயதில் ஓட்டு வந்தது 1989-ல். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கிராம சபை உறுப்பினர். 21 ஆனால் தலைவர் பதவிக்கே நிற்கலாம். எனக்கு 22. தலைவராக நிற்கலாமாம், தெருவிளக்குக்கு அப்பா வேண்டுமாம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கட்டிய மோட்டார் அறையைப் பாருங்கள். தண்ணீர் தேவைதான். பத்தடி தள்ளிக் கட்டியிருந்தால் வாலிபால் கோர்ட் பிழைத்திருக்கும், அங்கே தினமும் விளையாடியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நெட் கட்டிய கம்பியில் இப்போது துணி காய்கிறது.

பக்கத்துக் கர்நாடகத்தில் ‘மக்கள கிராம சபை’ என்று ஒன்று நடத்துகிறார்கள். கன்னடத்தில் ‘மக்களு’ என்றால் பிள்ளைகள். பள்ளிப் பிள்ளைகள் எழுந்து கேட்கிறார்கள், அதிகாரிகள் பதில் சொல்கிறார்கள். நாங்கள் அவ்வளவுகூடக் கேட்கவில்லை.

அக்டோபர் 2 கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் எங்களோடு உட்காருங்கள். அங்கே பேசுவதைக் கூட்டப்பொருளில் சேருங்கள். கோயில் வரிப் பட்டியல் போடுகிற அதே வாட்ஸ்அப் குரூப்பில் கூட்டப்பொருளையும் படிவம் 30 என்கிற ஊராட்சி வரவு செலவுக் கணக்கையும் முன்கூட்டியே போட்டால், திருப்பூரில் இருக்கிறவர்களும் படிப்பார்கள். கிராம சபை கூடுகிற மார்ச் 22-க்கும் நவம்பர் 1-க்கும் அவர்களுக்கு லீவு கிடையாது. எழுதி அனுப்பினால் வாங்கி வாசியுங்கள். நாங்கள் கேட்டது முடியாதென்றால் முடியாது என்றே எழுதுங்கள், காரணத்தோடு.

மூன்று கம்பங்களின் எண்களையும் குறித்து வைத்திருக்கிறேன். அப்பாவிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். “எனக்கெதுக்கு? பஸ்ஸுல இறங்கி நடக்கறது நீதான, நீயே பேசு” என்றார்.

இப்படிக்கு,
தெற்குத் தெரு வாக்காளர் ஒருத்தி