புளியமரமும் வீரநாராயண ஏரியும்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. கதிரறுப்பு முடியும்வரை பேனாவைத் தொட முடியவில்லை. தங்கச்சிக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

சரித்திர நாவலெல்லாம் விட்டுவிட்டாயா என்று கேட்டிருந்தாய். எங்கே விடுவது? போன மாதம்தான் பொன்னியின் செல்வனை மறுபடி எடுத்தேன். உன் அப்பா 'கல்கி' இதழ்களைப் பிரித்து, மைதாப் பசை தடவித் தைத்த அதே பைண்டு வால்யூம். முதுகுத் துணி பிய்ந்துவிட்டது. மணியத்தின் படங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

14 வயதில் வந்தியத்தேவன் குதிரைக்குப் பின்னாலேயே ஓடினோம். இந்த முறை முதல் அத்தியாயத்தைத் தாண்டவே எனக்கு இரண்டு நாள் ஆனது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரியின், அதாவது வீராணத்தின், 74 கணவாய்களிலும் (மதகுகளிலும்) தண்ணீர் பாய்கிற இடம். போருக்குக் காத்திருந்த படையைச் சும்மா உட்கார வைக்காமல் சோழ இளவரசன் இராஜாதித்தன் ஏரி வெட்ட வைத்தான் என்கிறார் கல்கி. அவன் தக்கோலத்தில் மாண்டுபோனான், ஏரி நின்றது. அன்றைக்கு இதையெல்லாம் வர்ணனை என்று தள்ளிவிட்டுப் போனோம். எங்கள் பாலக்காட்டு வயல்களுக்குத் தமிழ்நாட்டு ஆளியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்று பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனாலும் மூலத்தறையில் ஷட்டர் திறக்கிற நாள்வரை வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறவன் நான். அந்தப் பக்கத்தைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. 1966-இல் வந்தபோது அது அந்தக் காலத்து நாவல், நடப்பு விஷயம். இன்றைக்கு எனக்கு அதுதான் அசல் சரித்திர நாவலாகப் படுகிறது. அதிலும் ஒரு ராஜா வருகிறார், திருவிதாங்கூர் மகாராஜா. அவர் அந்த வழியாக வரப்போய், நாற்றத்துக்காகப் புளியமரத்தைச் சுற்றிக் கிடந்த குளத்தை மண்போட்டுத் தூர்த்துவிடுகிறார்கள். பிறகு காற்றாடி மரத்தோப்பு போய்ப் பூங்கா வருகிறது. கடைசியில் மரத்துக்கே விஷம் வைக்கிறார்கள். ஒரு இளவரசன் வெட்டிய ஏரியைப் படித்த கையோடு, ஒரு ராஜாவுக்காகத் தூர்த்த குளத்தைப் படித்தேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

பேத்தி மலையாளம் மீடியம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆற்றூர் ரவிவர்மா இந்த நாவலை மலையாளத்தில் கொண்டுவந்திருக்கிறார் அல்லவா, அதை வாங்கிக் கொடுத்தேன். தகழியின் செம்மீனைத் தமிழுக்குத் தந்தவர் சு.ரா.; அவர் புளியமரம் இப்படி இந்தப் பக்கம் வந்திருக்கிறது. சாயங்காலம் திண்ணையில் அவள் அதைப் படிக்க, நான் இதைப் படிக்க, ஒரே அத்தியாயத்தில் போய்க்கொண்டிருக்கிறோம். அவள் வாய்விட்டுப் படித்தால் எனக்கு முக்கால்வாசி புரிகிறது. புளி இரண்டிலும் புளி, குளம் இரண்டிலும் குளம்.

நேற்று, "தாத்தா, நம்ம ஊர்ல இப்படி மரம் எதுவும் இருந்துச்சா?" என்று கேட்டாள். நம் பள்ளிக்கூட வாசலில் நின்ற ஆலமரத்தைச் சொன்னேன். எப்போது வெட்டினார்கள் என்று கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இராஜாதித்தன் எங்கே செத்தான் என்று தெரிகிறது, இது தெரியவில்லை. உனக்கு நினைவிருக்கிறதா? நாம் படித்து முடித்த பிறகுதானே? யோசித்து எழுது, அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

வரும்போது வேலந்தாவளம் வழியாகவே வா. பைண்டு வால்யூமின் மூன்றாம் பாகம் உன்னிடம்தான் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
மச்சான்