கதவைத் திறக்கப் போகிறவர்

ரங்கூன்
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன்னைக் கணக்குப் பிரிவிலிருந்து கிடங்குக்கு மாற்றி, கண்டெய்னரில் சரக்கு ஏற்றும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று புதன்கிழமை போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. "முப்பது வருஷம் நீங்க செஞ்ச வேலைதானே, என்ன பார்க்கணும்னு சொல்லுங்கப்பா" என்றாய். சொல்ல ஆரம்பித்ததும் லைன் போய்விட்டது. இங்கே கரண்டும் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கோயில் பள்ளியில் படித்த தமிழ் உனக்கு மறந்திருக்காது.

நான் ஏற்றியது பெரும்பாலும் உளுந்தும் துவரையும்தான். பேயின்னவுங் சந்தையிலிருந்து லாரியில் வரும் பயறு, எங்கள் கிடங்கில் சலித்து 50 கிலோ பையாகும். இருபதடி கண்டெய்னர் ஒன்றுக்கு 480 பை, 24 டன். அது சென்னைக்குப் போய் அங்குள்ள வீடுகளில் இட்லி மாவாகும். அந்த எண்ணமே எனக்குப் பெரிய சந்தோஷம். நீ ஏற்றப்போவது பம்பு, டிரம், பெட்டி. சரக்கு வேறானாலும் கப்பல் ஆடுகிற ஆட்டம் ஒன்றுதான்.

முதலில் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1998 மழைக்காலம். கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று முதலாளி கத்திக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு வரிசைப் பைகளைக் கட்டு மாற்றாமல், ஒன்றின் மேல் ஒன்றாக நேராக அடுக்கச் சொல்லிவிட்டேன். கதவை இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளித்தான் சாத்தினோம். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து போன் வந்தது. அங்கே ஒருவர் கதவுக் கம்பியைத் திருப்பியதும் பைகள் அவர் மேல் சரிந்து முழங்கால் சிப்பி உடைந்துவிட்டது. அவர் பெயரைக் கேட்டேன், யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பிள்ளைகள் எத்தனை, மறுபடி மூட்டை தூக்கினாரா, எதுவும் இன்று வரை எனக்குத் தெரியாது. அப்போது நீ தொட்டிலில் கிடந்தாய்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கண்டெய்னரிலும் கதவுப் பக்கத்தை நான் நின்றுதான் அடுக்க வைத்தேன். கொத்தனார் செங்கல் வைப்பதுபோல, கீழ்ப்பையின் இணைப்பு மேல்பையின் நடுவில் வர வேண்டும். கடைசி வரிசைகளைப் படிப்படியாகத் தாழ்த்தி, கதவைத் தொடாமல் நிறுத்தி, குறுக்கே வலையோ பெல்ட்டோ கட்டிவிட வேண்டும். கண்டெய்னர் கதவு சாத்துவதற்கு இருக்கிறதே தவிர, சரக்கைத் தாங்குவதற்கு இல்லை. உன் ஆட்கள் கதவைத் தள்ளிச் சாத்தினால் உடனே திறக்கச் சொல், தாயி. கப்பல் போனாலும் பரவாயில்லை.

சரி, உன் பம்புக்கு வருகிறேன். ஒன்று மூன்று டன் என்றாய். பெல்ட் நாலு போட்டு இறுக்கினால் போதும் என்று உன் ஃபோர்மேன் சொல்கிறாராம். போதாது. கணக்குப் படித்த பிள்ளை நீ, கணக்காகவே பார். கடல் மோசமான பாதையில், கப்பல் உருளும்போது, சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது 2014ல் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட விதித்தொகுப்பு. லாரி திடீரென்று பிரேக் போட்டால் முன்பக்கமாகவும் அதே அளவு. மூன்று டன் பம்பு 2,400 கிலோ பலத்தோடு சுவரை இடிக்கப் பார்க்கும். நீ பெல்ட் மாட்டுகிற தரை வளையம் ஒவ்வொன்றும் 1,000 கிலோ, மேலே உள்ளது 500 கிலோ தாங்க வேண்டும் என்பதுதான் கண்டெய்னருக்கு வைத்த குறைந்தபட்ச அளவு. பெல்ட் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் வளையம் பிய்ந்தால் என்ன செய்வாய்?

அதனால் முதலில் முட்டுக் கொடு, பிறகு கட்டு. பம்பின் நாலு பக்கமும் மரச்சட்டம் வைத்து, அது நகர இடமே இல்லாமல் செய். கண்டெய்னர் சுவர் மடிப்பு மடிப்பான தகடு; சட்டத்தின் முனை அதன் ஒரே மடிப்பில் போய்க் குத்தக் கூடாது, தகடு உள்வாங்கிவிடும். நீளப் பலகை ஒன்றை வைத்துப் பல மடிப்புகளில் பரவ விடு. மூலைத் தூண் எட்டுமானால் அதில் முட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது. அடியில் ரப்பர் விரிப்புப் போடு. இரும்பு அடிப்பாகம் மரத்தரையில் வழுக்கிக்கொண்டே போகும், விரிப்புப் பிடித்து நிறுத்தும். தரைக்கு அடியில் இரும்புச் சட்டங்கள் குறுக்கே ஓடுகின்றன. ஆகவே கனமான சரக்குக்கு அடிக்கட்டையை நீளவாட்டில் போட்டால் பாரம் பல சட்டங்களுக்குப் பகிர்ந்து போகும். கட்டைகளில், பூச்சி இல்லாமல் பதப்படுத்திய மரம் என்பதற்கான கோதுமைக் கதிர் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இல்லையென்றால் போய்ச் சேரும் ஊரில் பூச்சிக்குப் பயந்து சரக்கையே நிறுத்தி வைப்பார்கள்.

பாரத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கண்டெய்னரை நடுவில் பிரித்தால் எந்தப் பாதியிலும் மொத்த எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் வரக் கூடாது. நாலு பம்பையும் உள்கோடியில் தள்ளி, காலி அட்டைப் பெட்டிகளைக் கதவருகில் வைத்தால் கிரேன் தூக்கும்போதே ஒரு பக்கம் சாயும். பேலட்டுகளுக்கு, அதாவது சரக்கு அடுக்கும் தட்டுகளுக்கு, இடையே விடும் சந்து எல்லாம் சேர்ந்து குறுக்கிலும் நீளத்திலும் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 1.1 மீட்டர் பேலட் இரண்டை ஜோடியாக வைத்தால் உள் அகலம் 2.35 மீட்டரில் அந்த அளவு அப்படியே தீர்ந்துவிடும். மிச்சச் சந்தில் காற்றுப் பை வைத்து நிரப்பு. கூர்மையான மூலை படும் இடத்தில் அட்டை வைக்காமல் ஊதாதே. கதவுக்கும் சரக்குக்கும் நடுவில் காற்றுப் பை வைக்கவே வைக்காதே. திறக்கிறவர் முகத்தில் கதவு அடிக்கும்.

டிரம் இருந்தால் இரண்டு அடுக்குக்கும் நடுவில் பிளைவுட் போடு. சரக்கு ஏற்றிய கண்டெய்னரின் எடையை 2016 ஜூலை முதல் சரிபார்த்துத்தான் கப்பலுக்குக் கொடுக்க வேண்டும், அது உனக்கே தெரியும். பழைய பில்லைப் பார்த்து எழுதாமல் நிறுத்துப் பார்த்து எழுது, அவ்வளவுதான்.

ஏற்றும் முன் காலிக் கண்டெய்னருக்குள் ஒரு ஆளோடு போய், வெளியே ஒருவரை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தச் சொல். எங்காவது வெளிச்சம் ஊசிமுனை அளவு தெரிந்தாலும் அந்தக் கண்டெய்னர் வேண்டாம். எங்கள் ஊர் மழையில் ஈரமான ஒரு பேலட் உள்ளே போனால் போதும். பகலில் ஆவியாகி இரவில் கூரையில் வேர்த்து உளுந்தின் மேல் சொட்டும். நாங்கள் சுவர் முழுக்கத் தடித்த காகிதம் ஒட்டி, மேலே ஈரம் உறிஞ்சும் பை தொங்கவிடுவோம். இரும்பு பம்பும் துருப்பிடிக்கும், ஈரக் கட்டையைச் சேர்க்காதே.

பூச்சி மருந்துப் புகை போட்ட கண்டெய்னர் என்றால் மண்டையோட்டுப் படம் போட்ட எச்சரிக்கை அட்டை கதவில் இருக்கிறதா என்று நீயே போய்ப் பார். எங்கள் பையன் ஒருவன் அட்டை கிழிந்திருக்கிறது என்று ஒட்டாமல் அனுப்பப் பார்த்தான். வாழ்க்கையில் நான் கை ஓங்கியது அன்று ஒரு நாள்தான்.

2004ல் சென்னைக்குப் போயிருந்தபோது ஒரு கிடங்கில் கண்டெய்னர் திறப்பதைப் பார்க்க அனுமதி கேட்டேன். வயதான ஒருவர் வந்தார். சீலை வெட்டினார். உடனே திறக்கவில்லை. உள்ளங்கையைக் கதவில் அழுத்தி, காதை வைத்து, கொஞ்ச நேரம் நின்றார். எல்லோரையும் ஒதுங்கச் சொன்னார். இரண்டு கதவையும் சேர்த்து ஒரு பெல்ட் போட்டுவிட்டு, வலது கதவைக் கையகலம் மட்டும் திறந்து எட்டிப் பார்த்தார். நான் அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தானோ என்று கேட்க வாய் வரவில்லை.

அம்மா உனக்குப் பிடித்த ஊறவைத்த தேயிலை, லப்பெயும் வறுத்த பயறும் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் வருகிற பையனிடம் கொடுத்துவிடுகிறோம். பாதுகாப்புச் செருப்பு இல்லாமல் கிடங்கில் காலை வைக்காதே.

உன் முதல் கண்டெய்னரைச் சீல் போடும் முன், கதவு திறந்திருக்கும்போதே ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. கடைசி வரிசை முழுக்கத் தெரிய வேண்டும். நான் பார்த்துச் சொன்ன பிறகு சாத்தச் சொல்.

அன்புடன்
அப்பா